எம்.பி.4 ஓடாத எம்.பி.4

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஒரு காலத்தில் ‘எம்.பி.4 பிளேயர்’ என்ற சாமான் குவிந்து கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஐபொட் நானோவின் சாயலில் மினுமினுப்பான உடம்பு, நடுவில் வட்டப் பொத்தான். பெட்டிக்குள் ஒரு ஹெட்செட், ஒரு குட்டி சிடி. அந்தச் சாமானின் பெரிய விசேஷம், எம்.பி.4 கோப்பு எதுவும் அதில் ஓடாது என்பதுதான்.

ஓடியது ஏ.எம்.வி. என்ற இன்னொரு வடிவம். சீனாவின் ஸூஹாய் நகரத்து அக்‌ஷன்ஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தின் மலிவுச் சிப்புதான் இந்த வகைப் பிளேயர்கள் பலவற்றுக்கும் மூளை. உண்மையான எம்.பி.4 வீடியோவை விரித்துக் காட்டும் சக்தி அதற்குக் கிடையாது. ஆகவே வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, செக்கனுக்கு 12 அல்லது 16 படம் என்ற கணக்கில் புரட்டிக் காட்டினார்கள். கூட வந்த குட்டி சிடியில் இருந்தது அந்த மாற்று வேலைக்கான மென்பொருள். சிடி தொலைந்தால் பிளேயர் பாதிச் செத்தது.

தெல்தெனிய, திகன, ஹுன்னஸ்கிரிய கொமினிகேசன் கடைகளுக்கு இதனால் ஒரு தனி வேலை கிடைத்தது. ரங்கலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பொடியன்கள் காலையில் பிளேயரைக் கடையில் கொடுத்துவிட்டு, பின்னேரம் பஸ்ஸுக்கு முன் வாங்கிக்கொண்டு போவார்கள். நாலு நிமிஷ சினிமாப் பாட்டை ஏ.எம்.வி.யாக மாற்ற அந்தக் காலத்துக் கணினி திணறும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எம்.பி.3 இந்த வகைப் பிளேயர் எதிலும் ஓடியது. நாலு நிமிஷப் பாட்டுக்கு சுமார் 4 எம்.பி.; ஒரு ஜீபி மெமரி சிப்பில் 250 பாட்டு. கடைக்காரரின் கணக்கும் அதுதான்.

ஒரு கருவியில் ஒரு வடிவம்தான் ஓடும் என்ற இந்த ஏ.எம்.வி. பூட்டுக்குக் காரணம் சிப்பின் ஏழ்மை. அதே காலத்தில் உலகச் சந்தையில் விழுந்த மற்றப் பூட்டுகள் அப்படியானவை அல்ல. பணமும் மூளையும் கொட்டிச் செய்தவை அவை.

சோனியை எடுத்துக்கொள்வோம். 1979இல் வோக்மனைக் கொடுத்து, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகத்துக்கு ஏற்படுத்திய நிறுவனம். டிஜிட்டல் பிளேயர் சந்தையும் அதன் மடியில்தான் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கருவி செய்யும் சோனிக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இசைக் கம்பனியும் இருந்தது. திருட்டுப் பிரதிக்குப் பயந்த அந்தக் கை, கருவி செய்த கையைப் பிடித்துக்கொண்டது. 1999இல் வந்த நெட்வேர்க் வோக்மன், அட்ராக் என்ற சோனியின் சொந்த வடிவத்தையே வாசித்தது. எம்.பி.3 பாட்டை அதில் ஏற்ற, முதலில் சோனியின் மென்பொருளில் அட்ராக்காக மாற்ற வேண்டும். 2004 கடைசியில்தான் சோனி எம்.பி.3க்கு நேரடியாகக் கதவைத் திறந்தது. அதற்குள் ஐந்து வருஷம் போய்விட்டது. ஐபொட் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஐபொட் அறிமுகமானது 2001 ஒக்டோபர் 23. எம்.பி.3யைத் தாராளமாக ஏற்றுக்கொண்டது அதன் முதல் கெட்டித்தனம். பூட்டு வந்தது 2003 ஏப்ரலில், ஐடியூன்ஸ் கடையோடு. ஒரு பாட்டு 99 அமெரிக்கச் சதம். அங்கே வாங்கிய பாட்டுக்கு ‘ஃபெயார்பிளே’ என்ற மறைகுறி. அப்பிளின் மென்பொருளும் ஐபொட்டும் தவிர வேறு பிளேயர் அதைத் தொடமுடியாது. நூறு பாட்டு வாங்கியவர் அடுத்த முறையும் ஐபொட்டைத்தான் வாங்குவார். 2004 ஜூலையில் ரியல்நெட்வேர்க்ஸ் நிறுவனம் தன் கடைப் பாட்டுகளை ஐபொட்டிலும் ஓடவைக்க ஒரு வழி கண்டுபிடித்தது. அப்பிள் கொதித்தது; சில மாதங்களில் ஐபொட்டின் உள் மென்பொருளை மாற்றி அந்த வழியை அடைத்தது.

மைக்ரோசொஃப்ட்டின் கதை இன்னும் வேடிக்கை. ‘நிச்சயமாக வாசிக்கும்’ என்ற பொருள்படும் பெயரில் 2004இல் ஒரு முத்திரையை உருவாக்கி, பல கம்பனிகளின் பிளேயர்களில் குத்தியது. 2006 நவம்பரில் தன் சொந்தப் பிளேயரான ஸூனை இறக்கியபோது, அந்த முத்திரைப் பிளேயர்களுக்காகக் கடைகளில் வாங்கிய பாட்டுகள் ஸூனில் ஓடவில்லை. 2008இல் அடுத்த அடி: மூடிப்போன தன் பழைய இசைக் கடையின் பாட்டுகளுக்குத் திறப்புக் கொடுக்கும் சேவர்களை நிறுத்தப் போவதாக அறிவித்தது. புதுக் கணினி வாங்கினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஊமை. வாடிக்கையாளர்கள் கத்திய கத்தலில் 2011 வரை தவணை கொடுத்தார்கள்.

காசு கொடுத்தவன் பாட்டை இழந்தான், களவாய்ப் பிரதி எடுத்தவன் வைத்திருந்தான். பூட்டுக்குப் பின்னால் இருந்த நியாயத்தை இதைவிட மோசமாக யாரும் கெடுத்திருக்க முடியாது.

ஃபெயார்பிளே பூட்டைப் பற்றிப் பிரான்சும் நோர்வேயும் அப்பிளைக் கேள்வி கேட்டன. 2007 பெப்ரவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, பூட்டுக் கேட்பது இசைக் கம்பனிகள்தான் என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியில் அப்பிளின் லாபம் இருந்தது. 2009இல் ஐடியூன்ஸ் பாட்டுகளின் பூட்டுக் கழன்றது. போட்டியை நசுக்கியதாக அப்பிள் மீது நடந்த வழக்கு 2014 டிசம்பரில் ஒக்லண்ட் நீதிமன்றத்தில் ஜூரியின் முன் வந்தது. மென்பொருளில் செய்த மாற்றம் உண்மையான மேம்பாடே என்று ஜூரி அப்பிளின் பக்கம் தீர்த்தது. தீர்ப்பு வந்தபோது பிளேயர் சந்தையையே போன் விழுங்கியிருந்தது.

இந்தச் சண்டையில் நாம் எங்கே இருந்தோம்? கடைக்கு வெளியே. ஐடியூன்ஸ் கடை இலங்கைக்குத் திறந்தது 2012 ஜூனில். இந்தியாவுக்கு அதே ஆண்டு டிசம்பரில். இந்த ஒன்றிலாவது அண்ணனை முந்தினோம். கனடாவிலிருந்தோ டுபாயிலிருந்தோ மாமா அனுப்பிய ஐபொட் கையில் இருந்தாலும், அதற்கு முன் அந்தக் கடையில் ஒரு பாட்டைச் சட்டப்படி வாங்க வழியே கிடையாது. கொமினிகேசன் கடைக்குக் கொண்டுபோனால் அங்கும் வில்லங்கம். ஐபொட் ஒரு கணினியின் பாட்டுத் தொகுப்போடுதான் சேர்ந்து வாழும். வேறு கணினியில் செருகி ஒத்திசைக்கப் போனால், இருப்பதை எல்லாம் அழித்துவிடவா என்று கேட்கும். மறைந்திருக்கும் கோப்புறையைத் தோண்டிப் பார்த்தால் பாட்டுகளுக்கு நாலு நாலு எழுத்தில் அர்த்தமில்லாத பெயர்கள். எது ராஜா, எது ரஹ்மான் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எம்.பி.3யும் உண்மையில் இலவசச் சொத்தல்ல. ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனமும் மற்றவர்களும் அதற்குக் காப்புரிமை வைத்திருந்தார்கள். உரிமக் கட்டணமும் வாங்கினார்கள். அந்த உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில்தான் முடிந்தது. ஆனால் கேட்பவரின் வாசலில் அது காவல் நிற்கவில்லை. த்ரீவீலரின் யூ.எஸ்.பி. துளையிலும் தோட்டத்து லயத்து டிவிடி பெட்டியிலும் ஒரே கோப்பு ஓடியது. எங்கள் சனம் கொள்கை பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஓடியதால் எடுத்தார்கள். இதில் பெருமை பேசவும் முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்தக் கடைப் பிரதி குற்றம். கொலிவுட்டுக்கு அது கொசுக்கடி. சொந்தக் காசில் சிடி போட்ட மலையகக் கலைஞருக்கு அது வயிற்றிலடி.

இன்று பூட்டு வேறு உடுப்பில் திரும்பியிருக்கிறது. 2021இல் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபையில் மாதச் சந்தா கட்டிப் பாட்டை இறக்கி வைக்கலாம். ஆனால் அது அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும்; 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தில் முகம் காட்டவும் வேண்டும். இதோடு ஒப்பிட்டால், எச்.எம்.வி.யின் வாரிசான சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான் பெட்டி மரியாதையானது. 5000 பாட்டு உள்ளே. வெளியே எடுக்க முடியாது. பூட்டுத்தான். இருந்தும் எந்தக் கம்பனி எந்தச் சேவரை மூடினாலும் அது பாடும். உங்கள் பென் டிரைவுக்கும் ஒரு துளை வைத்திருக்கிறது.

சினிமாப் பாட்டு எங்காவது கிடைக்கும் என்பதால் எனக்கு அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. கவலை, வேறெங்கும் கிடைக்காத ஒலிகளைப் பற்றி. மாசி மாதக் காமன் கூத்து, பாவாமாரின் றபான் பாட்டு, அப்பாயியின் தாலாட்டு இவையெல்லாம் பழைய நொக்கியா போன்களில் ஏ.எம்.ஆர். கோப்புகளாகக் கிடக்கின்றன. தொலைபேசிப் பேச்சுக்கென்று செய்த வடிவம் அது; பல கருவிகள் இப்போதே அதைத் திறக்க மறுக்கின்றன. நிருபர்கள் வைத்திருந்த பழைய சோனி ஒலிப்பதிவுக் கருவிகளின் டி.வி.எஃப்., எம்.எஸ்.வி. கோப்புகளின் நிலை இதைவிட மோசம். அந்தக் கம்பனியின் மென்பொருள் இல்லாமல் அவற்றைத் திறப்பது அரிது.

வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூலக் கோப்பை அழிக்காமல், வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் ஒரு பிரதி எடுங்கள், கேட்பதற்கு எம்.பி.3யில் இன்னொன்று. கசெட் என்றால் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் ஒரு வயரும் போதும். இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். பழைய போனைக் கடைக்கு விற்கப் போகிறவர்கள், அதற்கு முன் அதன் ஒலிப்பதிவுக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.