பாட்டிக்கு மூன்று அலைவரிசை போதும்: வீட்டுத் தொலைக்காட்சிப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது எப்படி?

தீபாவளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் தோட்டத்து வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ புதிய தொலைக்காட்சியை வாங்கிக் கொடுக்கிறார்கள். இணையத்தை இணைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி மணி அடிக்கிறது. “தம்பி, டிவி டூ எங்கப்பா போச்சு? நியூஸ் பாக்க முடியல.”

டிவி2 எங்கும் போகவில்லை. பட்டியலில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது 70 வயதைக் கடந்தவருக்கு எளிதல்ல. தனியாக இருக்கும் முதியவருக்குத் தமிழ்ச் செய்தி கேட்பது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. ஊரில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவரும் வழி அதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சில குடும்பங்கள் வீட்டிலேயே ஒரு சிறிய மீடியா சர்வரை அமைத்துக்கொள்கின்றன. ஆனால் சர்வர் வைத்தால் மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் அலைவரிசைப் பட்டியலை ஒழுங்குபடுத்துவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

சர்வர் என்ன செய்கிறது?

வழக்கமாக ஏரியலில் இருந்து வரும் கம்பி நேராகத் தொலைக்காட்சிக்கோ டிகோடருக்கோ போகும். மீடியா சர்வர் உள்ள வீட்டில் அந்தக் கம்பி முதலில் ஒரு டியூனருக்குப் போகிறது. டியூனர் ஒரு சிறிய கணினியில் பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கணினி அலைவரிசைகளை வாங்கி, வீட்டு வைஃபை வழியாக வரவேற்பறைத் தொலைக்காட்சி, கைப்பேசி, மடிக்கணினி என்று எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தும் வைக்கலாம்.

இதற்குப் பெரிய கணினி வேண்டியதில்லை. பழைய மடிக்கணினியே போதும். ராஸ்பெரி பை என்னும் கையளவுக் கணினிக்கு 2018-ஆம் ஆண்டு அதன் நிறுவனமே ஒரு தொலைக்காட்சி டியூனர் பலகையை வெளியிட்டது.

டியூனர் வாங்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. மலேசியாவின் இலவச மின்னியல் ஒளிபரப்பான மைஃப்ரீவியூ, டிவிபி-டி2 முறையில் வருகிறது. ‘டிவிபி-டி’ என்று மட்டும் எழுதியிருக்கும் பழைய டியூனர் இங்கே ஒன்றையும் பிடிக்காது. பெட்டியில் ‘டி2’ என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்கவேண்டும்.

மென்பொருளில் மூன்று பெயர்கள் போதும். டிவிஹெட்எண்ட் டியூனரைக் கவனிக்கிறது. கோடி தொலைக்காட்சித் திரையில் அலைவரிசைகளைக் காட்டுகிறது. ஜெல்லிஃபின் கைப்பேசி, உலாவி முதலியவற்றுக்கு அனுப்புகிறது. மூன்றும் இலவசம். வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சிதான் என்றால் முதல் இரண்டே போதும்.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

பலர் செய்யும் தவறு, கணினியை முடுக்கியவுடன் அலைவரிசைகளைத் தேடத் தொடங்குவது. அதற்கு முன் வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து எழுதிக்கொள்வது நல்லது.

பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் மிகச் சிறியதாகவே இருக்கும். பாட்டிக்குத் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் வரும் டிவி2. தாத்தாவுக்கு அதோடு பெர்னாமாவும் ஆர்டிஎம் விளையாட்டு அலைவரிசையும். பிள்ளைகளுக்கு டிவி3, 8டிவி. காலையில் அடுப்படி வேலையோடு கேட்க மின்னல் பண்பலை. மைஃப்ரீவியூவில் வானொலி நிலையங்களும் வருவதால் மின்னலையும் இதே பட்டியலில் சேர்க்கலாம்.

இந்தத் தாள்தான் வரைபடம். பின்னால் கணினியில் செய்யும் ஒவ்வொரு வேலையும் இதைப் பார்த்தே செய்யப்படும்.

தேடலும் களையெடுப்பும்

டிவிஹெட்எண்டில் அலைவரிசைத் தேடலை ஓடவிட்டால், ஏரியலுக்கு எட்டும் எல்லாமே வந்து குவியும். அவற்றை முதலில் ‘சர்வீஸ்’ என்ற பெயரில் அது காட்டும். அவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ‘சேனல்’ ஆக மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றிவிடும் வசதி இருக்கிறது. ஆனால் தாளில் உள்ளதை மட்டும் மாற்றினால் பின்னர் களையெடுக்கும் வேலை மிச்சம்.

சில இடங்களில் ஒரே அலைவரிசை பட்டியலில் இரண்டு முறை வரும். இரண்டு ஒளிபரப்புக் கோபுரங்களின் அலையும் எட்டும் இடத்தில் வீடு இருப்பதுதான் காரணம். ஒன்றை அழித்துவிடத் தோன்றும், அழிக்கவேண்டாம். ஒரே பெயருள்ளவற்றை இணைக்கும் வசதியைப் பயன்படுத்தினால், பட்டியலில் ஒரு டிவி2 மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் இரண்டு வழிகளும் இருக்கும். ஒரு வழியில் அலை கிடைக்காவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும். குன்றுகளுக்கு நடுவே இருக்கும் தோட்ட வீடுகளுக்கு இது பெரிய உதவி.

எண்ணில்தான் நினைவு இருக்கிறது

அடுத்தது எண். மைஃப்ரீவியூவில் டிவி1 எண் 101, டிவி2 எண் 102, டிவி3 எண் 103. இந்த எண்களை ஒளிபரப்பே அனுப்புகிறது. டிவிஹெட்எண்ட் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்யும், நாமே வேறு எண் கொடுக்கவும் விடும்.

எது நல்லது என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஏற்கெனவே டிகோடரில் 102 என்று அழுத்திப் பழகியவருக்கு அதை மாற்றக்கூடாது. ஆனால் வயதானவர்களுக்கு வேறொரு நினைவு இருக்கிறது. டிவி1 ஒளிபரப்பு 1963-இல் தொடங்கியது, டிவி2 1969-இல், டிவி3 1984-இல். அவற்றின் பெயரிலேயே எண் இருக்கிறது. 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் வரை, டிவி2 என்றால் ரிமோட்டில் 2 என்றுதான் பல வீடுகளில் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணை அவருக்குத் திரும்பக் கொடுத்தால், சொல்லிக் கொடுக்க எதுவுமே இல்லை.

இங்கே கோடியின் பயன் தெரியும். ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் கோடி அந்த அலைவரிசைக்கே போகும். அதன் அமைப்பில், சர்வர் தரும் எண்களையே பயன்படுத்து என்னும் தேர்வை முடுக்கிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் கோடி தன் விருப்பப்படி 1, 2, 3 என்று வரிசையாக எண்ணிட்டுக்கொள்ளும், கொடுத்த எண்கள் வீணாகும். கோடி திறந்தவுடனேயே தொலைக்காட்சி ஓடத் தொடங்கும்படியும் அமைக்கலாம்.

ஜெல்லிஃபினில் வழி வேறு. அங்கே அலைவரிசைகள் எண் வரிசையில் நிற்கும். இதயச் சின்னத்தை அழுத்தி ஒன்றை விருப்பமானதாகக் குறிக்கலாம். விருப்பமானவை நேரப்பட்டியலின் தொடக்கத்தில் வரும்படி அமைக்கவும் முடியும். விருப்பங்கள் பயனருக்குப் பயனர் தனித்தனி என்பதால், பாட்டிக்கு ஒரு கணக்கு, பேரப்பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிட்டால் சண்டை இல்லை.

பெயர், சின்னம், பிரிவு

ஒளிபரப்பில் வரும் பெயர்களைச் சுருக்கமாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே ‘டிவி 2 – தமிழ்ச் செய்தி’ என்று எழுதலாம். ஏதாவது ஒரு திரையில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் அலைவரிசையின் சின்னம் கைகொடுக்கும். படிக்கச் சிரமப்படுகிறவர்களும் கண்ணாடியைத் தேடுகிறவர்களும் சின்னத்தைப் பார்த்துத்தான் அழுத்துகிறார்கள். ஆகவே சின்னங்களைச் சேர்க்கும் வேலையை விட்டுவிடக்கூடாது.

அலைவரிசைகள் அதிகம் இருந்தால் டிவிஹெட்எண்டில் ‘டேக்’ என்னும் அடையாளம் கொடுத்து, தமிழ், செய்தி, விளையாட்டு, வானொலி என்று பிரிக்கலாம். கோடி அவற்றைத் தனித்தனிக் குழுக்களாகவே காட்டும். எந்தப் பயனருக்கு எந்த அடையாளம் உள்ள அலைவரிசைகள் தெரியவேண்டும் என்றும் டிவிஹெட்எண்டில் வரையறுக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பயன்படும்.

டிவிஹெட்எண்ட் இந்தப் பட்டியலை எம்3யு என்னும் கோப்பாக ஜெல்லிஃபினுக்குக் கொடுக்கிறது. அது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வரியில் அடையாளக் குறி, எண், சின்னம், பெயர் இருக்கும். அடுத்த வரியில் அது கிடைக்கும் முகவரி இருக்கும். ஏதாவது தவறினால் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நேரப்பட்டியல் ஏன் தவறுகிறது?

அடுத்து வரும் நிகழ்ச்சி எது என்று காட்டும் நேரப்பட்டியலில்தான் பலர் திணறுகிறார்கள். ஒளிபரப்போடு சேர்ந்தே நிகழ்ச்சி விவரமும் வருகிறது. டிவிஹெட்எண்ட் அதைச் சேகரித்து, எக்ஸ்எம்எல்டிவி என்னும் வடிவில் ஜெல்லிஃபினுக்குத் தரும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, எட்டு மணி நேர வித்தியாசம். இரவு 8 மணி நிகழ்ச்சி நண்பகல் 12 மணி என்று காட்டினால், சர்வரின் கடிகாரம் மலேசிய நேரத்துக்கு அமைக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. கோலாலம்பூர் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நேரப்பட்டியலை மீண்டும் புதுப்பிக்கவேண்டும்.

இரண்டாவது, ஓர் அலைவரிசைக்கு வேறோர் அலைவரிசையின் நிகழ்ச்சிகள் தெரிவது. பெயரை வைத்து இணைத்தால் இப்படி ஆகும். பெயர்கள் நிலையானவை அல்ல. 2021 பிப்ரவரியில் என்டிவி7 இருந்த இடத்தில் கல்வி அமைச்சின் டிடிக் டிவி தொடங்கியது நினைவிருக்கலாம். பெயரை நம்பாமல், ஒவ்வொரு அலைவரிசைக்கும் உள்ள அடையாளக் குறியை வைத்தே இணைக்கவேண்டும்.

‘ஆயிரம் சேனல்’ ஆசை வேண்டாம்

இவ்வளவு சிரமம் எதற்கு, பணம் கட்டினால் ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் உள்ள பட்டியலையே கொடுக்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். கட்டண அலைவரிசைகளை அனுமதியின்றித் தரும் பெட்டிகளும் பட்டியல்களும் சட்டவிரோதமானவை. 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 43ஏஏ பிரிவின்படி, இத்தகைய தொழில்நுட்பத்தை விற்பவர், வழங்குபவர் முதலியோருக்கு 10,000 முதல் 2 லட்சம் வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ‘கூட்டாளிக்குப் பெட்டி போட்டுக் கொடுத்தேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், அத்தகைய பட்டியல் பாட்டிக்கு உதவாது. ஆயிரம் அலைவரிசைகளுக்கு நடுவே டிவி2-ஐத் தேடவேண்டும். இன்று ஓடும் முகவரி நாளை ஓடாது. ஆஸ்ட்ரோ போன்ற கட்டணச் சேவை வேண்டுமானால் அதன் சொந்தப் பெட்டியிலேயே பார்ப்பதுதான் முறை.

பிள்ளை ஊருக்குப் போன பிறகு

அமைத்தவர் பக்கத்தில் இல்லாதபோதும் எல்லாம் ஓடவேண்டும். அதற்குச் சில ஏற்பாடுகள் தேவை.

மின்சாரம் போய்த் திரும்பினால், யாரும் தொடாமலே சர்வர் தானாக முடுக்கம் பெறும்படி அமைக்கவேண்டும். இடி, மின்னல் நேரத்தில் ஏரியல் கம்பியையும் மின்சாரத்தையும் கழற்றிவைக்க வீட்டில் உள்ள ஒருவருக்காவது சொல்லிக் கொடுக்கவேண்டும். திறந்த வெளியில் உயரமான ஏரியல் உள்ள வீட்டில் இது மிக முக்கியம்.

அமைப்புகளின் நகல் ஒன்றை விரலியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சர்வரை வீட்டு வலைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். தொலைவிலிருந்து சரிசெய்ய வசதியாக இருக்குமே என்று ரௌட்டரில் வழியைத் திறந்துவிட்டால், முன்பின் தெரியாதவர்களும் அந்த வழியாக நுழையலாம்.

கடைசியாக, அந்தத் தாள். ‘2 – தமிழ்ச் செய்தி, 3 – டிவி3, 7 – மின்னல்’ என்று பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும்.

வேலை முடிந்ததா என்று சோதிக்க ஒரே வழிதான் உண்டு. ரிமோட்டைப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்காரவேண்டும். அவர் யாரையும் கேட்காமல் செய்திக்குப் போய்விட்டால் பட்டியல் சரி. தடுமாறினால் தவறு பாட்டியிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது. ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் அதைத் திருத்திவிட்டுப் போகலாம்.