காசநோயாளிக்கு மருந்தும் உரிமை, உணவும் உரிமை

அரிசி ஆலைகளுக்குப் பேர்போனது மண்ணச்சநல்லூர். அதையடுத்த திருவெள்ளறைப் பக்கம் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றதும், முட்டை சூடு, பருப்பு வாயு, கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கி, அவரைக் கஞ்சியிலும் ரசஞ்சோற்றிலும் நிறுத்திவிடும் பத்தியம் இன்னும் பல வீடுகளில் உண்டு. உடலை உருக்கும் நோய்க்கு இப்படிப்பட்ட பத்தியம் ஆபத்தானது.

ஜார்க்கண்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளியானது. சிகிச்சையின் முதல் 2 மாதங்களில் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளியோடு வீட்டாருக்கும் சத்துணவு கொடுத்த குடும்பங்களில், மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

என்ன கொடுக்கலாம்?

சோற்றோடு கெட்டியான பருப்பு, தினமும் முட்டை, பால் அல்லது தயிர், வேர்க்கடலை, சுண்டல், முருங்கைக்கீரை, முடிந்தபோது மீன். பசி மந்தமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். ரேஷன் கடைத் துவரம்பருப்பை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயும் இருந்தால் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

என்ன உரிமை?

பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ‘நிக்‌ஷய் போஷண்’ திட்டத்தில் நோயாளியின் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். இந்தத் தொகை, பதிவானதும் 3,000 ரூபாய், 84 நாள் சிகிச்சைக்குப் பின் 3,000 ரூபாய் எனத் தவணைகளாக வங்கிக் கணக்கில் வர வேண்டும். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் இது உண்டு. அந்த மருத்துவர் உங்கள் பெயரை அரசுப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பணம் வராவிட்டால், ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுபோய் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளரிடம் கேளுங்கள். கட்டணமில்லா எண் 1800-11-6666.

எதில் எச்சரிக்கை?

உணவு மருந்துக்கு மாற்றல்ல. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் நல்ல உணவோடு இருந்தவர்களைப் போலவே, எளிய உணவோடு வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் குணமானார்கள். கிருமியைக் கொல்வது மருந்து. அதுவரை உடலைத் தாங்குவது உணவு. எதிர்ப்புச் சக்தி தரும் என்று விற்கும் விலையுயர்ந்த பவுடர்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள். இருமல் நின்றது, எடை கூடியது என்று மாத்திரையை நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பக்கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் உறுதியானால் மாத்திரையை விடாதீர்கள், தட்டில் முட்டையையும் பருப்பையும் குறைக்காதீர்கள், உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.