போனில் ஒரு சாவி... அது யார் கையில்?

கரியமாணிக்கத்தில் ஒரு விசேஷ வீட்டில், பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒருவர் தன் போனை நீட்டினார். திரையின் மேல் ஓரத்தில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாவிப் படம். "யூடியூப்ல ஒரு பையன் சொன்னான். இதைப் போட்டா பேங்க் பணத்தை யாரும் எடுக்க முடியாதாம். ஃப்ரீதான். நிஜமா தம்பி?"

அது ஒரு வி.பி.என். செயலி. சாவி தெரிந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வி.பி.என். என்ன செய்கிறது என்பதைத் தபாலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். முன்பு இணையத்தில் நாம் அனுப்பியதெல்லாம் பெரும்பாலும் போஸ்ட் கார்டு. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போது வங்கிச் செயலி, ஜிபே, வாட்ஸ்அப் எல்லாமே ஒட்டிய கவர்தான். உள்ளே இருப்பது தெரியாது. மேலே உள்ள முகவரி மட்டும் தெரியும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது ஜியோவுக்கோ ஏர்டெல்லுக்கோ, பஸ் ஸ்டாண்டு கடையில் வைஃபை கொடுப்பவருக்கோ தெரியலாம். வி.பி.என். அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் போட்டுத் தன் முகவரிக்கு வரவழைக்கிறது. அங்கே வெளிக்கவரைப் பிரித்து, உள்கவரை உரிய இடத்துக்கு அனுப்புகிறது. இப்போது ஜியோவுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எல்லா முகவரிகளும் வி.பி.என். நடத்துபவருக்குத் தெரியும்!

அப்படியானால் பேங்க் பணம்? நம்மூரில் பணம் பறிபோவது பெரும்பாலும் கவரை யாரோ வழியில் பிரித்ததால் அல்ல. "கே.ஒய்.சி. முடியப் போகுது" என்று மிரட்டுபவரிடம் ஓ.டி.பி.யை நாமே வாசித்துக் காட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் வந்த ஏ.பி.கே. ஃபைலை நாமே அழுத்துகிறோம். இதில் வி.பி.என். ஒன்றும் செய்யாது. இன்னும் சொன்னால், அது ஓடும்போது சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்வதுதான் பயன் தரும்.

இனி அந்த 'ஃப்ரீ' விஷயம். ஃபேஸ்புக் நிறுவனம் 2013-ல் 'ஒனாவோ' என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச வி.பி.என்., உங்கள் தகவலைப் பாதுகாப்பதாகச் சொல்லித்தான் போன்களில் ஏறியது. உள்ளே நடந்ததோ வேறு. யார் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதைத் திரட்டி, ஃபேஸ்புக் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 2018-ல் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து அது போனது, 2019-ல் மூடப்பட்டது. இதை மறைத்ததற்காக 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பேர் தெரிந்த கம்பெனியே இப்படி என்றால், பேரே தெரியாத செயலியை என்ன சொல்ல?

காசு கொடுத்து வாங்கினால் சரியா? ஓரளவு. ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க் போன்ற நிறுவனங்கள் இதை ஏற்காமல் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. வி.பி.என். பயன்படுத்துவது இங்கே பொதுவாகக் குற்றமில்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது தடை போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு குற்றம் செய்தால், குற்றம் குற்றம்தான்.

நிஜமாகவே உதவும் இடங்களும் உண்டு. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் போராட்டத்தை அடக்க ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். மக்கள் வி.பி.என். வழியாக உள்ளே வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தானும் வி.பி.என்.தான் பயன்படுத்துவதாகவும், இந்தத் தடையால் பயனில்லை என்றும் ட்வீட் போட்டார். சித்தப்பா போட்ட தடைக்கு அண்ணன் மகன் விமர்சனம்!

நம் பக்கத்தில் அவ்வளவு பெரிய தேவை அரிது. லாட்ஜ், ரயில் நிலைய வைஃபையை அடிக்கடி நம்பியிருப்பவர்கள் நல்ல கட்டண வி.பி.என். ஒன்றை யோசிக்கலாம். எப்போதோ ஒருமுறை என்றால், வைஃபையை அணைத்துவிட்டுச் சொந்த டேட்டாவில் வேலையை முடித்துக்கொள்வது சுலபம், செலவும் இல்லை.

அக்காவின் போனில் அந்தச் செயலியை நீக்கிக் கொடுத்தேன். சாவி மறைந்தது. உடனே அவர், "அப்போ நம்ம பையன் லேப்டாப்புலயும் ஆபீஸ் வேலைக்கு ஏதோ வி.பி.என். போட்டுத்தான் உட்கார்றான். அதையும் எடுத்துடச் சொல்லவா?" என்றார்.

"ஐயோ, அதைத் தொட வேணாம்க்கா. அது அவங்க கம்பெனியே கொடுத்தது. அது இல்லாம அவனால ஆபீஸ் வேலையைத் திறக்கவே முடியாது!"