கியாஸ் லாபமா, கரண்டு லாபமா? 6 கட்டத்தில் விடை

மும்பையில் நாலைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்து, சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடும் தமிழர்கள் ஏராளம். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அங்கே வாக்குவாதம் வரும். "கியாஸ் அடுப்பே போதும்" என்பார் ஒருவர். "இண்டக்ஷன் அடுப்பு வாங்கினால் செலவு குறையும்" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஒரே அளவு

கியாசை கிலோ கணக்கில் வாங்குகிறோம். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் பணம் கட்டுகிறோம். இரண்டையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

1,000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வெப்பக் கணக்கில் அது 860 கிலோ கலோரி. ஒரு கிலோ சமையல் கியாஸ் எரிந்தால் சுமார் 11,000 கிலோ கலோரி கிடைக்கும். அதை 860-ஆல் வகுத்தால் 12.8 யூனிட்.

ஆனால், அத்தனை சூடும் பாத்திரத்துக்குப் போகாது. இந்தியத் தர விதிப்படி, கியாஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் சுமார் 85 சதவீதம் சேரும்.

6 கட்டங்கள்

கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ எக்செல் தாளைத் திறந்து இப்படிப் போடுங்கள்:

ஏ2: சிலிண்டர் எடை, 14.2
பி2: =ஏ2*11000/860
சி2: =பி2*0.68
டி2: =சி2/0.85
இ2: சிலிண்டர் விலை
எப்2: =இ2/டி2

கட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். முதலில் வரும் சமக்குறியை விட்டுவிட்டால் கணக்கு நடக்காது. அடித்தது அப்படியே எழுத்தாக நிற்கும்.

டி2-வில் சுமார் 145 வரும். அதாவது, ஒரு சிலிண்டர் சமையலை இண்டக்ஷன் அடுப்பில் முடிக்க 145 யூனிட் வேண்டும். சிலிண்டர் விலை 870 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எப்2-வில் சுமார் 6 ரூபாய் வரும். உங்கள் யூனிட் விலை அதற்குக் கீழே இருந்தால் கரண்டு லாபம். மேலே போனால் கியாஸ் லாபம்.

கவனம் தேவை

எந்த யூனிட் விலையை ஒப்பிடுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மகாராஷ்டிராவில் முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை. 101 முதல் 300 வரை அதைவிட அதிகம். விளக்கும் மின்விசிறியும் முதல் 100-ஐத் தின்றுவிட்டால், அடுப்புக்கு ஆகும் யூனிட் எல்லாம் மேல் விலையில்தான் ஏறும். அந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். ரூமில் சப்-மீட்டர் இருந்தால், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு என்ன வாங்குகிறாரோ அதுவே உங்கள் விலை.

இன்னொன்று: அலுமினியப் பாத்திரம் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. புதுப் பாத்திரச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 கிலோ சிலிண்டர்

முகவரிச் சான்று இல்லாத தொழிலாளர்கள், அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்குகிறார்கள். அவர்கள் ஏ2-வில் 5 என்று மாற்றி, இ2-வில் தாங்கள் கொடுக்கும் விலையைப் போட்டால் போதும். மற்றவை தானாக மாறும். டி2-வில் 51 வரும். இந்தச் சிறிய சிலிண்டரில் கிலோவுக்குக் கொடுக்கும் விலை அதிகம். ஆகவே, இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.