சுங்கத் துறையும் கையூட்டும்

கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், எகிப்தில் வணிகரிடம் வரி தண்டும் பொறுப்பிலிருந்த ஸுரைக் இப்னு ஹய்யானுக்குக் கடிதம் ஒன்று எழுதினார்கள். முஸ்லிம் வணிகரின் சரக்கில் நாற்பது தீனாருக்கு ஒரு தீனாரும், அரசின் பாதுகாப்பிலிருந்த பிற சமய வணிகரிடம் இருபதுக்கு ஒன்றும் பெற வேண்டும். பெற்றதற்கு மறு ஆண்டு அதே நாள் வரை செல்லத்தக்க சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

வரியின் விகிதம் முன்னரே தெரியும். செலுத்தியதற்குச் சான்று உண்டு. அவ்வாண்டில் இரண்டாம் முறை கேட்க இயலாது. வளரும் நாடுகளின் பன்னாட்டு வணிகத்தில் ஊழல் தகர்த்தெறிவது இம்மூன்றையுமே என்பது நம் கருத்து. வரி உயர்ந்ததாயினும் வணிகர் அதை விலையில் சேர்த்துக் கணக்கிட்டுவிடுவார். கையூட்டுக்கோ விகிதமும் இல்லை, ரசீதும் இல்லை. ஒரு மேசையில் கொடுத்தது அடுத்த மேசையில் செல்லாது. பெருநிறுவனங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். சிறு வணிகர் ஒதுங்கிவிடுவார். சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்ட அதிகாரி துணைபோனால் அரசின் வருவாயும் கரைகிறது. இறக்குமதியில் நிகழும் ஊழல் ஏற்றுமதியையும் விடுவதில்லை. சாயமும் இயந்திர உதிரிபாகமும் துறைமுகத்தில் முடங்கினால், ஆடை எவ்வாறு உரிய நாளில் கப்பலேறும்?

இந்தோனேசியாவின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 1980-களில் எண்ணெய் வருவாய் குறையவே, பிற பொருள்களின் ஏற்றுமதியை நம்ப வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. துறைமுகச் சுங்கமோ பெருந்தடையாக நின்றது. 1985 ஏப்ரலில் அதிபர் சுகார்த்தோ, இறக்குமதிச் சரக்குகளைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தம் சுங்கத் துறையிடமிருந்து எடுத்து, சுவிட்சர்லாந்தின் எஸ்.ஜி.எஸ். நிறுவனத்திடம் ஒப்படைத்தார். 5,000 டாலருக்கு மேற்பட்ட சரக்குகள், கப்பலேறும் நாட்டிலேயே சோதிக்கப்பட்டன. சரக்கு விடுவிப்பு விரைவுபெற்றது.

எனினும் நோய் தீரவில்லை. அதே காலத்தில் நெகிழி மூலப்பொருள் இறக்குமதியின் ஏகபோகம் அதிபர் குடும்பத்தோடு தொடர்புடைய நிறுவனத்தின் கையில் இருந்தது. வாயிலில் காவலர் மாறினர். வீட்டின் ஒழுங்கு மாறவில்லை. 1997 ஏப்ரலில் அதிகாரம் மீண்டும் சுங்கத் துறைக்கே வந்தது. 2008 மே மாதம் ஜகார்த்தாவின் தஞ்சுங் பிரியோக் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் ஊழல் ஒழிப்பு ஆணையம் சோதனையிட்டு, லஞ்சப் பணத்தைக் கைப்பற்றியது. நேர்மையை வெளியாரிடம் கூலிக்கு அமர்த்தலாம். ஒப்பந்தம் முடிந்தபின் அது தங்குவதில்லை.

லஞ்சம் தாமதத்தை நீக்கும் எண்ணெய் போன்றது என வாதிடுவோரும் உளர். குன்னார் மிர்தால் 1968-இல் வெளியிட்ட ‘ஏஷியன் டிராமா’ இவ்வாதத்தை மறுக்கிறது. விரைவுக்கு விலை கிடைக்குமாயின் அதிகாரி தாமதத்தைத் தாமே உண்டாக்குவார் என்பது அவர் சுட்டிய உண்மை.

பழியை வளரும் நாடுகளின் மீது மட்டும் சுமத்துவதும் நீதியன்று. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தை வரிக்கழிவுக்குரிய செலவாகக் காட்ட ஜெர்மனி 1999 வரை இடமளித்தது. லஞ்சம் வாங்குபவரையும் கொடுப்பவரையும் ஒருங்கே சபித்த நபிமொழியின் நுட்பம் இங்கு விளங்கும். வாங்கும் கை நீள்வது, கொடுக்கும் கை இருப்பதனால்தான்.

2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வணிக எளிமையாக்க உடன்படிக்கை, சுங்கக் கட்டணங்களையும் நடைமுறைகளையும் யாவரும் அறிய வெளியிடுமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது. கலீஃபாவின் கடிதத்தில் கண்ட நெறியும் இதுவே. ஆனால் சட்டம் சீட்டைத்தான் தரும். அச்சீட்டுக்கு மேல் ஒரு காசும் கேளாத அதிகாரியையும் கொடாத வணிகரையும் உருவாக்கும் கடமை, அரசுக்கு மட்டுமன்று, நமக்கும் உரியது.