சட்டையில் ஏறிய பெயர்

ஐ.பி.எல். நாள்களில் மாலை ஏழு மணிக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து. இடையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் ஃபேன்டஸி கிரிக்கெட் செயலிகளில் ‘டீம் போடுவது’ மும்முரமாக நடந்துவந்தது. பெண்ணாடம் டீக்கடையானாலும் சென்னை ஐ.டி. அலுவலகமானாலும் கணக்கு ஒன்றுதான். பதினோரு பேரை நூறு கிரெடிட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. கேப்டனாகக் குறித்தவரின் புள்ளி இரட்டிப்பானது. துணைக் கேப்டனுடையது ஒன்றரை மடங்கானது. 49 ரூபாய் கட்டினால் லட்சக்கணக்கானவர்களோடு போட்டியில் இறங்க முடிந்தது. 2025 ஆகஸ்ட் வரை இது சூதாட்டமாகக் கருதப்படவில்லை; ‘திறமை விளையாட்டு’ என்றே பெயர்.

அந்தப் பெயருக்கு வயது அதிகம். 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-லும், குதிரைப் பந்தயம் அப்படியே என்று சென்னை கிண்டி பந்தய வழக்கில் 1996-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ட்ரீம் லெவன் ஃபேன்டஸி செயலிக்கும் அதே சான்றைத் தந்தது.

லீகுகளின் போக்குதான் வேடிக்கை. 2013-ல் ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவர் கைதானார்கள். பெட்டிங் விவகாரத்தின் முடிவில் சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தானையும் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு இரண்டு ஆண்டுகள் தடை செய்தது. அதே லோதா குழு, 2016 ஜனவரி அறிக்கையில், வீரர்களும் நிர்வாகிகளும் ஈடுபடாதபடி பெட்டிங்கைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது. சட்டம் வரவில்லை, பணம் முந்திக்கொண்டு வந்தது. 2020-ல் ட்ரீம் லெவன் 222 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். தலைப்பு விளம்பரதாரரானது. 2023-ல் 358 கோடிக்கு இந்திய அணியின் சட்டையிலேயே அதன் பெயர் ஏறியது. புக்கியை வாசலில் மறித்துவிட்டு, ஆட்டத்தின் மேல் பணம் கட்டும் ஆசையை வரவேற்பறையில் உட்கார வைத்த கதை.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. நியூஜெர்சி மாநிலம் பெட்டிங்கை அனுமதிக்க முயன்றபோது பெரிய லீகுகள் எல்லாம் நீதிமன்றம் போய் எதிர்த்தன. 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெட்டிங் தடைச் சட்டத்தை ரத்து செய்ததும், அதே லீகுகள் பெட்டிங் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டன. 2024-ல் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டர், தன் உடல்நிலைத் தகவலைப் பந்தயக்காரர்களுக்குச் சொன்னதற்காக ஆயுள் தடை பெற்றார். ஒரு அணியைத் தோற்கடிக்கப் பலர் சேர வேண்டும். பந்தயம் ஒரு வீரரின் புள்ளி மீது என்றால், அதைக் குறைக்க அவர் ஒருவர் போதும்.

தமிழ்நாட்டில் கவலை கிரிக்கெட்டைவிட ரம்மியைச் சுற்றியே இருந்தது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகள்தான் காரணம். 2021-ல் கொண்டுவந்த தடையை சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின் 2022-ல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. ஆனால் அந்த நவம்பரிலேயே ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. பிறகு 2025 பிப்ரவரியில், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது.

முடிச்சை அவிழ்க்காமல் வெட்டியது மத்திய அரசு. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எதையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம் லெவன் விலகியது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய அணி விளம்பரதாரர் பெயரில்லாத சட்டையோடு ஆடியது. பிறகு அந்த இடம் ஒரு டயர் நிறுவனத்துக்குப் போனது.

வெளிநாட்டிலிருந்து இயங்கும் பெட்டிங் செயலிகள் பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் உலவுகின்றன. அவற்றில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.