இரவல் வாளால் நடந்த தாயாதிப் போர்

கி.மு. 49-ஆம் ஆண்டில் ஜூலியஸ் சீசர் ரூபிகான் என்னும் சிற்றாற்றைக் கடந்து உரோமாபுரியின் மேல் படையெடுத்த கதையையும், மறு ஆண்டே பார்சாலஸ் போர்க்களத்தில் பாம்பேயை அவன் முறியடித்த கதையையும் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிடும் நம் மக்கள், அதே இயல்புடைய உள்நாட்டு யுத்தம் ஒன்று மதுரைச் சிம்மாசனத்தை முன்னிட்டு இத்தமிழ் மண்ணிலேயே நடந்ததையும், அதில் நம் கொங்கு நாட்டுச் சேனைகளும் கலந்துகொண்டதையும் அறியாதிருப்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. பல்லடம் சாலையில் உள்ள அருள்புரத்துக்குப் பனியன் கம்பெனி வேலையை நம்பி இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொன்னால், களங்களின் பெயர்களெல்லாம் தங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர்களாகவே இருக்கக் கண்டு வியப்பார்கள்.

கி.பி. 1170-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. மதுரையில் ஆண்ட பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட, முற்றுகையில் சிக்கியவன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவிடம் உதவி வேண்டி ஆள் அனுப்பினான். உதவிப்படை கடல் கடப்பதற்குள் மதுரை வீழ்ந்து, அரசனும் அவன் மனைவியும் மக்களுள் சிலரும் கொலையுண்டனர். அழைத்தவனே மாண்டபின் படைக்கு என்ன வேலை என்று பராக்கிரமபாகு எண்ணவில்லை. இறந்தவனுடைய வம்சத்தில் எஞ்சிய ஒருவனுக்கு முடிசூட்டுமாறு கட்டளையிட்டு, லங்காபுரன் என்ற தண்டநாயகனை அவன் அனுப்பிவைத்தான்.

லங்காபுரன் சாதாரணப் படைத்தலைவன் அல்லன். இராமேசுவரத்தைக் கைப்பற்றியதும் அவன் செய்த முதற் காரியம், பாம்பன் தீவின் குந்துகாலில், பின்னாளில் 1897-இல் சுவாமி விவேகானந்தர் வந்து இறங்கிய அதே இடத்தில், மதில்களும் அகழிகளும் சூழ்ந்த ஒரு கோட்டையை எழுப்பி, அதற்குத் தன் அரசனின் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டதுதான். தாய்நாட்டிலிருந்து துணைப்படையும் உணவும் வந்து சேரக் கடல்வழி திறந்திருந்தாலன்றி உள்நாட்டில் ஓரடியும் எடுத்துவைக்கலாகாது என்பதை அவன் நன்கு உணர்ந்திருந்தான். பிறகு நெட்டூர், மானாமதுரை, பொன்னமராவதி என்று அவன் கை நீண்டது. பிடித்த நாட்டில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசுகளை வழங்கச் செய்தான் என்றும், சிறைப்பட்ட தமிழர் கடல் கடத்தப்பட்டு அநுராதபுரத்துத் தூபியைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. குலசேகரனுக்குத் துணையாக, அவனுடைய தாய்மாமன் உறவைக் கொண்டு, வடகொங்கு தென்கொங்கு ஆகிய இரு பகுதிகளிலிருந்தும் படைகள் திரண்டதைச் சொல்வதும் அந்த நூலே. ஆயினும் வெற்றி லங்காபுரனுக்கே கிட்டியது. மலைநாட்டில் மறைந்திருந்த பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியன் மதுரைக்கு வந்து முடிசூடினான்.

குலசேகரன் சோழன் இரண்டாம் இராஜாதிராஜனைச் சரணடைய, இரண்டாவது இரவல் வாளும் களத்துக்கு வந்தது. அக்காலத்துச் சோழநாட்டின் கலக்கத்தைக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டில் காண்கிறோம். இராமேசுவரக் கோயிலைச் சிங்களப் படை சூறையாடியது கேட்டு மனம் நொந்த எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்ற சிவாசாரியாரிடம் முறையிட, அவர் 28 நாள் பூஜை நடத்துகிறார். பகைவர் தோற்றோடிய செய்தி வந்ததும், அந்த ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குத் தானமாகிறது. களத்தில் அவ்வெற்றியை ஈட்டியவன் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன். லங்காபுரன் முதலிய தண்டநாயகர்களின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியறைந்து வைத்துக் குலசேகரனை மீண்டும் அரியணையில் ஏற்றினான் என்று பல்லவராயன்பேட்டைச் சாசனம் தெரிவிக்கிறது. சூளவம்சமோ இத்தோல்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெற்றியின் நினைவாகப் பராக்கிரமபாகு ‘பாண்டு விஜயம்’ என்ற கிராமத்தை ஏற்படுத்திப் பிராமணருக்கு அளித்ததோடு அதன் கதை நிறைவடைகிறது. ஒரே யுத்தத்தின் வெற்றிக்காக இரு நாடுகளிலும் கிராமங்கள் தானமாயின. ஆகவே இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்காதவன் இந்த யுத்தத்தைப் பாதியே அறிந்தவனாவான்.

அதன்பின் நடந்ததுதான் விந்தை. பராக்கிரமபாகு குலசேகரனுக்கே பரிசில்கள் அனுப்பி நட்புக் கொண்டாட, அவனும் சோழன் செய்த நன்றியை மறந்து, வாயிலில் அறைந்த தலைகளை அகற்றுவித்து, சோழனுக்கு வேண்டியவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். சினங்கொண்ட சோழன், நேற்றுவரை தான் எதிர்த்த வீரபாண்டியனையே ஆதரித்து, அண்ணன் பல்லவராயன் என்ற வேறொரு தலைவனைக் கொண்டு அவனை மதுரையில் அமர்த்தினான். பராக்கிரமபாகு குலசேகரனுடன் நட்புக் கொள்வதற்கு முன்னரே, அவனுடைய மருமகனும் அவனுக்குப் போட்டியாளனுமான சீவல்லவனை ஏவி, ஊர்காவற்றுறை முதலிய ஈழத்துத் துறைகளைச் சோழன் அழிக்கச் செய்திருந்தான். சீசரும் பாம்பேயும் தத்தம் சேனையைத் தாமே நடத்தித் தமக்காகவே போரிட்டவர்கள். நம் பாண்டியர்களோ வாளை அயலாரிடம் கடன் வாங்கினார்கள். ஆதலால் யார் அரசன் என்ற கேள்விக்கு விடை மதுரையில் கிடைக்காமல், இலங்கைத் தலைநகர் பொலன்னறுவையிலும் சோழர் அரண்மனையிலும் தீர்மானமாயிற்று.

1178-இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் வீரபாண்டியனும் இலங்கையின் பக்கம் சாய்ந்துவிடவே, சோழன் விக்கிரமபாண்டியனை நிறுத்தி மறுபடியும் போர் தொடுக்க நேர்ந்தது. இவ்வாறு பாண்டியரை ஆட்டிவைப்பதிலேயே தன் பலத்தைச் செலவிட்ட சோழ சாம்ராஜ்யத்தை, 1216-இல் முடிசூடிய மாறவர்மன் சுந்தரபாண்டியன், எவரிடமும் படை கேளாமல், தன் சொந்தச் சேனையைக் கொண்டே தாக்கித் தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினான்.